நாளைக்குள்ளதையும் இன்னைக்கே சுமக்காதீங்க சிஸ்டர்: அம்மாக்கள் விசுவாசத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம வேலூர் பக்கம் அம்மாங்க யாரும் ஆண்டவரை நம்பாம இல்ல. காலைல இருட்டு பிரியறதுக்குள்ள ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுறவங்க, குடியாத்தம் பேரணாம்பட்டு பக்கம் வீட்லயே பீடி சுத்துறவங்க, நைட் டூட்டி முடிச்சி வந்து பசங்களுக்கு டிபன் கட்டுற நர்ஸுங்க, எல்லாரும் ஜெபம் பண்றவங்கதான். ஆனா நம்புற விதத்துல சில தப்பு நடக்குது, அதனால பாரத்தை இறக்கி வெக்க வேண்டிய இடத்துலயே இன்னும் நாலு பாரம் ஏறிக்குது.

இருக்கறதுலயே பெரிய தப்பு, ஒரு வருஷத்துக்கு வேண்டிய பெலனை இன்னைக்கு காலைலயே எதிர்பாக்கறது. கை இட்லி மாவை கரைச்சிக்கினு இருக்கும், மனசு ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸுக்கு போயிடும், அங்கிருந்து பெரியவனோட பப்ளிக் எக்ஸாம், மாமியாரோட சுகர், பொண்ணு கல்யாணம்னு ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுக்குள்ள உடம்புல தெம்பே இருக்காது, மணி ஆறுதான் ஆயிருக்கும்.

1 இராஜாக்கள் 17-ல சாறிபாத் ஊரு விதவை கதை இருக்கு இல்லையா, அதை ஒரு அம்மாவா உக்காந்து படிச்சி பாருங்க. பஞ்ச காலம். அந்தம்மா ரெண்டு விறகு பொறுக்கிக்கினு இருக்காங்க, வீட்ல இருக்கறது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான், அதை செஞ்சி சாப்ட்டுட்டு நானும் என் பையனும் சாகப்போறோம்னு எலியா தீர்க்கதரிசி கிட்ட சொல்றாங்க. அப்புறம் ஆண்டவர் அற்புதம் பண்றார், ஆனா பானை நிரம்பி வழிஞ்சிச்சின்னு அங்க எழுதல. மாவு தீரல, எண்ணெய் குறையல, அவ்ளோதான். அப்படின்னா அந்தம்மா தினமும் மூடியை தொறந்து பாத்திருப்பாங்க, இன்னைக்கு இருக்கு, நாளைக்கு இருக்குமான்றது பானையை பாத்தா தெரியாது, ஆண்டவர் சொன்ன வார்த்தையை வெச்சிதான் தெரியும். மழை வர்ற வரைக்கும் இப்படியே ஓடிச்சி. மூட்டையா குடுத்திருக்கலாம், குடுக்கல. நமக்கும் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்குது.

அதனால மனசு ஜூன் மாசத்துக்கு ஓடும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க, இதுல நான் இன்னைக்கு செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா? ஸ்கூல் ஆபீஸ்ல போய் ரெண்டு தவணையா கட்டலாமான்னு கேக்கணும்னா, அதை இன்னைக்கே கேட்டுடுங்க. ஒண்ணும் இல்லைன்னா, ஆண்டவரே ஜூன் ஃபீஸ் உங்க கைலன்னு பேர் சொல்லி ஒப்படைச்சிட்டு மாவை கரைங்க. கொஞ்ச நேரத்துல அந்த நினைப்பு திரும்ப வரும், திரும்ப ஒப்படைங்க, அது அவிசுவாசம் இல்ல.

அதே அதிகாரத்துல இன்னொண்ணும் இருக்கு, நிறைய பேர் அதை தாண்டிப் போயிடறாங்க. மாவு அற்புதம் நடந்த அதே வீட்லதான் அப்புறம் அந்த பையன் வியாதி வந்து செத்துப் போறான். எலியா ஜெபம் பண்ணி உயிரோட வந்தான்றது அடுத்தது, ஆனா நம்பி வாழ்ந்த வீட்டுக்குள்ளயும் கஷ்டம் வந்துச்சு. அந்தம்மா என் பாவத்துனாலதான் இப்படியான்னு அழறாங்க, ஆண்டவர் தரப்புல ஆமான்னு ஒரு வார்த்தை வரல. குழந்தைக்கு காய்ச்சல்னு ஆஸ்பத்திரில உக்காந்திருக்கற தாய்கிட்ட போய் உங்க விசுவாசம் பத்தலன்னு சொல்றது கொடுமை, தயவு செஞ்சி சொல்லாதீங்க, உங்களுக்கு நீங்களே கூட சொல்லிக்காதீங்க.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு, பிளான் பண்றதே அவிசுவாசம்னு நினைக்கறது. வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு ஆண்டவர் குடுத்த மன்னான்ற ஆகாரத்தை தலைக்கு ஒரு ஓமர் அளவுதான் எடுக்கணும், மறுநாளைக்கு வெச்சா புழு புடிச்சி நாறிடும், ஆனா ஆறாவது நாள் ரெண்டு மடங்கு சேர்த்துக்கோங்கன்னு சொன்னதும் அதே ஆண்டவர்தான், அது கெடல (யாத்திராகமம் 16). அதனால சீட்டு கட்டுங்க, போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி போடுங்க, ராத்திரியே அரிசி ஊற வெச்சிடுங்க. பயத்துல பதுக்கறது வேற, பொறுப்பா எடுத்து வெக்கறது வேற.

அப்புறம் ஜெப நேரம். அந்த சிஸ்டர் நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்கறாங்க, என்னால முடியலையேன்னு கைக்குழந்தைக்காரங்க குற்ற மனசோட சுத்தறாங்க. இயேசு கத்துக் குடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமா சொன்னாலும் ஒரு நிமிஷம்தான் ஆகும், அதுலயும் ஆகாரத்தை இன்னைக்கு தாங்கன்னுதான் கேக்க சொல்றார். பால் குடுக்கும்போது சொல்லலாம், காட்பாடி பஸ்ல நின்னுக்கினே சொல்லலாம்.

களைப்பை பாவம்னு நினைக்கறதும் தப்பு. எலியா சூரைச்செடி கீழ படுத்து, போதும் ஆண்டவரே, செத்துப் போறேன்னு சொன்னப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிடுன்னாரு, திரும்ப தூங்க விட்டாரு, மறுபடி எழுப்பி சாப்பாடு குடுத்தாரு. சாப்பாடும் தூக்கமும் ஆண்டவர் குடுக்கற வைத்தியம்தான். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் புள்ளைய பாத்துக்கட்டும், நீங்க படுங்க.

கடைசியா, ஜெபம் பண்றேன், டாக்டர் வேணாம்ன்றது. 1900-ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச வைத்தியம்தான் இன்னைக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியா நிக்குது, அங்க ஜெபமும் நடக்குது ஆபரேஷனும் நடக்குது, நம்ம ஊர்ல இருந்துக்கினு இது ரெண்டும் எதிரின்னு நினைக்கவே கூடாது. முக்கியமா பிரசவம் ஆகி ரெண்டு வாரத்துக்கு மேலயும் காரணமே இல்லாம அழுகை வருது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்கு தூக்கம் வரல, குழந்தையை தூக்கவே மனசு வரலன்னா, அது விசுவாசக் குறைவு இல்ல, வியாதியா இருக்கலாம், வைத்தியம் பண்ணா சரியாகும். பாகாயத்துல சிஎம்சியோட மனநல மையமே இருக்கு. பிரசவம் பாத்த டாக்டர்கிட்ட சொன்னாலும் வழி காட்டுவாங்க. செத்துடலாம்னோ, குழந்தையை ஏதாவது பண்ணிடுவோமோன்னோ நினைப்பு வந்தா ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க, வீட்ல ஒருத்தர்கிட்ட உடனே சொல்லுங்க, அன்னைக்கே அவங்களை கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு போங்க.