பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நேற்றைய பகெத்தை எறியாதீர்கள்

அறை கிடைத்து, சிம் கார்ட் எடுத்து, ரயில், பஸ்ஸுக்கான நவிகோ அட்டையும் கைக்கு வந்துவிட்டதா? சரி, இனிப் பாணைப் பற்றிப் பேசலாம். பாரிஸிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாக வருகிறவருக்கு எட்டுகிற மலிவான சாப்பாடு பகெத்தான். ஒரு யூரோவுக்குச் சற்று முன்னே பின்னே கொடுத்தால் 250 கிராம் அளவில், 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பாண் கிடைக்கும். வாங்கிய கையோடு முனையைக் கிள்ளித் தின்றுகொண்டே வீட்டுக்கு வருவது இங்கே எல்லோரும் செய்கிற வேலை, வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தனியாள் முழுப் பகெத்தையும் ஒருவேளைக்கு முடிப்பது கஷ்டம். மிஞ்சியதில் மறுநாள் காலையில் கத்தி இறங்காது.

ரெஸ்டாரண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் வீட்டில் இது இன்னும் கூடுதலாக நடக்கும். நம்மவர்கள் பலருக்கு இங்கே முதல் வேலை சமையலறையில்தானே. இரவு கடை பூட்டும்போது மிஞ்சிய பாணைக் கொண்டுபோகச் சொல்லித் தருவார்கள். கடைசி ரயிலில் வீட்டுக்கு வந்து சேரும் அந்தப் பாணை அந்நேரத்தில் யாரும் தொடமாட்டார்கள், அடுத்த நாள் அது குப்பைக்குப் போகும். போக வேண்டியதே இல்லை. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சூடு, பத்து நிமிடம். அவ்வளவுதான்.

பாண் காய்ந்து போவதால்தான் இறுகுகிறது என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜான் பத்தீஸ்த் பூசங்கோ, பாணைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துப் பார்த்தார். ஈரம் வெளியே போக வழியே இல்லை, அப்படியும் பாண் பழசாகிவிட்டது. காரணம் மாவிலுள்ள மாச்சத்து. வேகும்போது அது தண்ணீரைக் குடித்து இளகுகிறது, ஆறியபின் மெல்ல மெல்லத் திரும்ப இறுகுகிறது. பிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துக் கிடந்து, சூடாக்கியதும் பழையபடி இளகுகிறதே, அதே கதைதான். பாணின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டிச் சூடானால் இறுகிய மாச்சத்து மறுபடி நெகிழ்ந்துவிடும். வெளித்தோல் மட்டும் நேர்மாறு. உள்ளேயிருந்து வரும் ஈரத்தை வாங்கிக்கொண்டு மொறுமொறுப்புப் போய் இழுபடத் தொடங்கும். ஆக, உள்ளே நெகிழ வேண்டும், வெளியே காய வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் மொத்த வித்தை.

மாச்சத்து ஆக வேகமாக இறுகுவது பிரிட்ஜின் குளிரில். ஊரில் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று எதையும் பிரிட்ஜுக்குள் தள்ளிப் பழகியிருப்போம். இங்கே பகெத்துக்கு அது வேண்டாம். கடையில் சுற்றித் தந்த கடதாசிப் பையிலேயே, இல்லாவிட்டால் ஒரு துணியில் சுற்றி, வெட்டிய பக்கம் பலகையில் படும்படி மேசைமேல் வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் தோல் நமுத்துப் போகும். நாளைக்குத் தேவையில்லை, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் என்றால் ஃப்ரீசர். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓவன் இருந்தால்

ஓவனை முதலில் 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வாடகை அறைகளில் இருக்கும் பழைய ஓவன்களில் டிகிரி போட்டிருக்காது, ஒன்றிலிருந்து எட்டு, பத்து வரை எண்கள்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த எண்ணை முப்பதால் பெருக்கினால் ஏறத்தாழ டிகிரி வந்துவிடும். 6 என்றால் 180, 7 என்றால் 210.

இனிப் பாணை எடுத்துக் குழாயடிக்குப் போங்கள். ஆம், குழாயடிக்குத்தான். பச்சைத் தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டு, பாணின் வெளித்தோல் மட்டும் நனையும்படி ஒரு முறை உருட்டி எடுங்கள். இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். வெட்டிய வாய்ப் பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் அந்த இடம் களியாகிவிடும். முதல் தடவை செய்யும்போது மனம் வராது, கையில் நனைந்த பாணைப் பார்த்தால் எல்லாம் கெட்டுப்போனது போலத்தான் இருக்கும். அப்படியே ஓவனின் கம்பித் தட்டில் வைத்துவிடுங்கள். மேலேயுள்ள தண்ணீர் ஆவியாகி, உள்ளே சூடு ஏறுகிறவரை பாணைக் காயவிடாமல் காக்கும். கடைசியில் அந்த ஈரமெல்லாம் போய்த் தோல் திரும்ப மொறுமொறுக்கும். அரைப் பகெத்துக்கு ஆறு முதல் எட்டு நிமிடம். வெளியே எடுத்து இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். தோல் வளைந்து கொடுத்தால் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள்.

இரண்டு நாளான பாண், தட்டினால் டக் டக் என்கிறதா? நனைத்தபின் அலுமினியத் தாளில் சுற்றிப் பத்து நிமிடம், பிறகு தாளைப் பிரித்துவிட்டு மூன்று நான்கு நிமிடம். தாளுக்குள் இருக்கும்போது ஆவி உள்ளே இறங்கும், பிரித்ததும் தோல் காயும்.

மிக முக்கியமாக, சாப்பிட உட்காரும் நேரத்துக்குத்தான் சூடாக்க வேண்டும். இப்படி மீட்ட பாண் ஆறியதும் முன்பைவிட வேகமாக இறுகும். மறுபடி ஒரு முறை சூடாக்கினால் ரஸ்க்தான் மிஞ்சும். ஆகவே தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுங்கள், மற்றது பையிலேயே இருக்கட்டும். பருப்பும் சம்பலும் தயாரான பிறகு பாணை உள்ளே வையுங்கள், முதலில் பாணைச் சுட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போகாதீர்கள்.

ஓவன் இல்லாவிட்டால்

பாரிஸில் ஒன்பது, பத்துச் சதுர மீட்டர் அறைகளில் ஓவனுக்கு எங்கே இடம்? இரண்டு அடுப்புள்ள மின்தட்டு ஒன்றுதான் இருக்கும். அது போதும். தோசைக்கல்லைச் சிறு தீயில் சூடாக்கி, பாணை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தோலை ஈரக்கையால் தடவிவிட்டு, தோல் பக்கம் கல்லில் படும்படி வையுங்கள். மேலே ஒரு மூடி. மூன்று நிமிடம் கழித்து மூடியை எடுத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம். வெட்டிய பக்கத்தைக் கொஞ்சம் நெய்யோடு திருப்பிப் போட்டால் தடுக்க மாட்டேன். அடுப்பு இண்டக்‌ஷன் வகையென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டி சூடாகாது, இரும்புக் கல் சூடாகும். அடியில் காந்தம் ஒட்டிப் பிடிக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பாண் தூள் கல்லில் கருகவிடாதீர்கள். 2015 முதல் இங்கே எல்லா வீட்டிலும் புகை அலாரம் கட்டாயம், சின்ன அறையில் அது உடனே கத்தத் தொடங்கிவிடும்.

டோஸ்டர் வில்லைகளுக்கு நல்லது, பகெத் அதன் வாய்க்குள் போகாது. அடிக்கடி பாண் சாப்பிடுகிற வீடென்றால் சின்ன மேசை ஓவன் ஒன்று பழைய சாமான் கடையில் தேடி வாங்குவது வீண் செலவில்லை. அரைப் பாணுக்காகப் பெரிய ஓவனைச் சூடாக்குவதைவிட மின்சாரமும் மிச்சம். பகெத்தை இரண்டாக வெட்டினால்தான் உள்ளே போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மைக்ரோவேவ் பற்றிக் கேட்பீர்கள். பகெத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதல் ஒரு நிமிடம் மெத்தென்று இருக்கும், அதற்குள் தின்றாக வேண்டும். அதன்பின் ரப்பர், அதற்கும் பிறகு கல். பணிஸ், பிரியோஷ், பாக்கெட்டில் வருகிற சதுரப் பாண் போன்ற மெத்தென்றவை என்றால் ஈரமான கடதாசித் துவாலையில் சுற்றிப் பத்து, பதினைந்து விநாடி கொடுக்கலாம். அதைவிட இடியப்பம் அவிக்கிற பாத்திரத்தில் இரண்டு நிமிடம் ஆவி காட்டுவது நல்லது, பணிஸ் பஞ்சாக வரும்.

க்ருவாசோனை நனைக்கவே கூடாது. அதில் வெண்ணெய் நிறைய இருக்கிறது, அது இளகினாலே போதும். 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டால் ஏடுகள் மறுபடி மொறுமொறுக்கும்.

வாங்கும்போதே

பேக்கரியில் 'பகெத்' என்று மட்டும் கேட்டால் சாதாரணமானதைத் தருவார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து 'த்ரதிஸியோன்', அதாவது மரபு முறையில் செய்தது, வாங்குங்கள். 1993-இல் வந்த அரசாணைப்படி அதைச் செய்யும்போது எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக்கூடாது, சேர்க்கைப் பொருள்களும் கூடாது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, நொதி இவைதான் அடிப்படை. வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் தைரியமாக வாங்கலாம். பிரியோஷில் முட்டை உண்டு, சில உப்புப் பாண்களில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், கேட்டு வாங்குங்கள். நாளைக்கும் வைத்துச் சூடாக்கப் போகிறீர்கள் என்றால் 'பா த்ரோ குயித்', அதாவது அதிகம் சுடாதது, என்று சொல்லுங்கள். ஓவனில் இன்னொரு முறை நிறம் ஏறும் அல்லவா. தனியாளுக்கு அரைப் பகெத் போதும், 'தெமி பகெத்' என்றால் கடைக்காரரே பாதியாக வெட்டித் தருவார், முகம் சுளிக்க மாட்டார்.

உங்கள் பேக்கரிக்காரரே நம்மவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை. 2023-இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வென்றவர் 20-ஆம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து வந்தவர். வென்றவர் ஓராண்டுக்கு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கும் பாண் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பரிசின் வழக்கம்.

குடும்பமாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது பகெத் இல்லை, புளித்த மாவில் செய்த பெரிய நாட்டுப் பாண். புளிப்பு அதைக் காப்பதால் மூன்று நான்கு நாள் மேசையிலேயே தாங்கும். கடையில் மெஷினில் வெட்டித் தரச் சொல்லி, பாதியை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் விஷயம் இதுதான்: பழசான பிறகு வைத்துப் பயனில்லை, வாங்கிய அன்றே வைக்க வேண்டும். ஒரு வேளைக்கான துண்டுகளாக வெட்டி, பையிலுள்ள காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி வைத்தால் ஒரு மாதம் சுவை குறையாமல் இருக்கும். எடுத்ததும் உருக விடாமல் நேரே சூடான ஓவனுக்குள், பகெத் துண்டுக்குப் பத்து நிமிடம். வில்லைகள் நேரே டோஸ்டருக்குள் போகலாம். மாலையில் மிஞ்சியதைக் குறைந்த விலைக்குப் பையாகக் கட்டி விற்கும் பேக்கரிகளும் உண்டு, டூ குட் டு கோ என்ற செயலியில் பார்க்கலாம். அந்தப் பைகளில் பாண் குவியலாக வரும், ஃப்ரீசரில் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

பூஞ்சணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள். பாண் துளைகள் நிறைந்தது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். ஊரில் காகத்துக்கு வைப்பதுபோல ஜன்னலோரத்தில் புறாவுக்கும் போடாதீர்கள். இங்கே அதற்குத் தடை உண்டு, அபராதம் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பு அதற்கு முன்பே வரும்.

பூஞ்சணம் இல்லை, ஆனால் நனைத்துச் சூடாக்கினாலும் தேறாது என்கிற நிலைக்கு வந்த பாணா? துண்டு துண்டாக்கி 100 டிகிரி ஓவனில் முழுக்கக் காயவைத்து, மிக்சியில் அடித்து, போத்தலில் போட்டு வையுங்கள். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக் கடைகளில் பாண் தூள் பாக்கெட்டாக விற்கிறார்கள்தான், ஆனால் இந்த வீட்டுத் தூளில் புரட்டிப் பொரித்த மீன் கட்லட்டின் மொறுமொறுப்பு அதில் வராது. ரோல்ஸுக்கு என்றால் இன்னொரு முறை அடித்துச் சலித்துக்கொள்ளுங்கள், கரடுமுரடாக இருந்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும்.