உப்புக்காற்று அரித்த கார்க் கதவுக்குப் பட்டி பார்த்த கதை
திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பாவின் மாருதி 800 வாசலில்தான் நிற்கும், கதவின் அடிப்பக்கத்தை உப்புக்காற்று அரித்துவிட்டது, மேலே ஆட்டோ இடித்த பள்ளம் வேறு.

முதல் தடவை அவசரப்பட்டுத் துருவின் மேலேயே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, பூசினேன். மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளித்து, விரலால் அழுத்தினாலே மொறுமொறுவென்று உதிர்ந்தது.

இந்த முறை பளபளவென்று தகடு தெரியும்வரை 80 நம்பர் எமரித் தாளால் தேய்த்தேன். உள்ளே டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) பள்ளத்தில் அண்டக் கொடுத்து, வெளியே சுற்றியிருக்கும் மேட்டை ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டினேன்; ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, தகர டப்பா மூடி மாதிரி உள்ளே வெளியே குதிக்கும். கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு உள்ளங்கைக்குத் தெரியும்.

அப்புறம் பட்டி, 2-3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர் நூற்றுக்கு 2 பங்கு போதும், நம்ம ஊர் வெயிலுக்குச் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், அதனால் எலுமிச்சை அளவு மட்டும் குழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பட்டி ஈரத்தை உறிஞ்சும். 180, 320 நம்பர் தாள் என்று உலர்வாகவே தேய்த்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்தேன். எங்கள் பக்கம் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே காலையில் பழுப்பேறிவிடும்.