வம்சாவளி ஆய்வாளரை அமர்த்தும் முன்

குடும்ப வரலாற்றைத் தேட ஒரு தொழில்முறை ஆய்வாளரை அமர்த்தப் போகிறீர்களா? "எங்கள் பரம்பரை முழுவதையும் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் கட்டணம், காசு கரைந்துவிடும். "என் கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் யார்?" என ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.

கையில் இருப்பதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்: பிறப்பு, இறப்புச் சான்றுகள், பழைய கடிதங்கள், பின்பக்கம் ஏதோ கிறுக்கிய போட்டோக்கள். இல்லையென்றால், உங்கள் பீரோவில் கிடக்கும் சான்றிதழைத் தேடவே அவருக்குப் பணம் கொடுப்பீர்கள்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் போன்ற அமைப்பின் சான்று இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், உங்கள் முன்னோர் வாழ்ந்த பகுதியின் ஆவணங்களும் அந்தக் காலக் கையெழுத்தும் அவருக்குப் பழக்கமா என்பது. பழைய அறிக்கை ஒன்றை மாதிரிக்குக் கேளுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று குறித்திருக்கிறாரா பாருங்கள். ராஜ வம்சம் வரை கொண்டுபோகிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அப்புறம், அதிகபட்சம் எத்தனை மணிநேரம் என்பதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் தேடிய நேரத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் எங்கெல்லாம் தேடினார் என்ற பட்டியலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.