எலுமிச்சையும் கத்திரி வெயிலும்: வீட்டு அழகுப் பூச்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதக் கடைசியில், என் அக்காள் மகளுக்குத் திருமண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நலங்கு மாவு அரைத்துக் கொடுப்பது என் வழக்கம். அவளுக்கும் நான்தான் கொடுத்தேன். ஒருநாள் காலை அவள் அந்த மாவில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டிருக்கிறாள். பிறகு அவசரத்தில் மேலோட்டமாகக் கழுவிவிட்டு, பத்திரிகை வைப்பதற்காக அண்ணனின் ஸ்கூட்டரில் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை நண்பகல் வெயிலில் போய்வந்தாள். அன்று இரவு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிச்சல் தொடங்கியது. மூன்றாம் நாள் கன்னம் சிவந்து, கழுத்தில் சாறு வழிந்த தடத்திலேயே மூன்று பழுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன. இடது முன்கையில், சாறு பட்ட வலக்கை விரல்கள் அழுந்திய இடம்கூட அச்சுப்போல் தெரிந்தது. நாங்கள் அழைத்துச் சென்ற தோல் மருத்துவர் அந்தக் கோடுகளைப் பார்த்த உடனே, "எலுமிச்சம்பழம் தொட்டுவிட்டு வெயிலில் போனாயா அம்மா?" என்றுதான் கேட்டார்.

எலுமிச்சம்பழத்தின் சாற்றிலும், அதைவிட மிகுதியாக அதன் தோலிலும், ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. நிழலில் இருக்கும் வரை அவற்றால் பெரிய தொல்லை இல்லை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-ஏ கதிர் பட்டதும் அவை தோலின் உயிரணுக்களைத் தாக்கி, தீப்பட்டது போன்ற அழற்சியை உண்டாக்குகின்றன. அந்த அழற்சி ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்தே வெளிப்படுவதால், பூசியதற்கும் புண்ணானதற்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாமலே போகிறது. உடம்புச் சூடு என்றும் கண்ணேறு என்றும் காரணம் தேடி, ஆற்றுவதற்காக மறுபடியும் அதே எலுமிச்சையைத் தடவுபவர்களும் உண்டு. சிவப்பு ஆறிய பின்னும், நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு அந்த இடத்தின் கருமை வாரக்கணக்கிலும் சில சமயம் மாதக்கணக்கிலும் நிற்கும். நிறம் கூடுவதற்காகப் பூசியது நிறத்தைக் குறைக்கிறது.

அன்று என்னை உறுத்தியது எலுமிச்சை மட்டும் அன்று. நான் கொடுத்த மாவில் கார்போக அரிசியும் இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்கென்று கேட்டால் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு ஆகியவற்றோடு அதையும் ஒரு பிடி சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சிறு கருப்பு விதையில் உள்ள சோராலென், எலுமிச்சையில் சொன்ன அதே ஃபியூரோகூமரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒளியின் துணையோடு தோலைக் கருக்கச் செய்யும் அந்த ஆற்றலுக்காகவே வெண்படைக்கு மருத்துவர்கள் சோராலெனையும் புற ஊதா ஒளியையும் நிமிடக் கணக்குப் பார்த்துச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருத்துவரே அளந்து கொடுக்கும் ஒன்றை நாம் கைப்பிடிக் கணக்கில் கலந்து, தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் இறங்குகிறோம். நம் பாட்டிமார் நலங்கு வைத்த பெண்ணை வெளியே அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். இந்த மாவுக்கு அந்த வழக்கம் பொருத்தமாகவே இருந்தது. வழக்கம் போய்விட்டது, மாவு மட்டும் நிற்கிறது. அந்த ஆண்டிலிருந்து நான் கார்போக அரிசி சேர்ப்பதில்லை.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதியில் கத்திரி நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. ஆகவே புளிப்பும் காரமும் உள்ள எந்தப் பூச்சையும் பகலில் போடக் கூடாது. போட்டே ஆகவேண்டும் என்றால் இரவில் போட்டு, நிறைய நீர் விட்டுக் கழுவி, கைகளையும் நகக்கண்களையும் சோப்பினால் தேய்த்துவிட வேண்டும். எலுமிச்சை ஊறுகாய் போட்ட கையோடு மொட்டைமாடியில் வடகம் காயவைப்பவர்களுக்கும் இது பொருந்தும். தேங்காய் எண்ணெய் தடவினால் வெயில் தாக்காது என்பதும் தவறான நம்பிக்கை. அதற்குள்ள தடுப்பாற்றல் மிகச் சிறிது, நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. குடை, முந்தானை, கடையில் விற்கும் வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவற்றுக்கு வீட்டில் மாற்று இல்லை.

மாவு அரைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மில்லில் மிளகாய்த்தூள் அரைத்த இயந்திரத்திலேயே அடுத்து நலங்கு மாவையோ சீயக்காயையோ கொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லுக்குப் போவது நல்லது; இல்லையென்றால் அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லி, முதலில் விழும் இரண்டு பிடியை ஒதுக்கிவிடலாம். அரைத்ததை அப்படியே டப்பாவில் அடைக்காமல், பழைய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் இறுகக் கட்டி, மாவைத் துணியின்மேல் போட்டு உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து இறக்க வேண்டும். சித்த மருத்துவர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். துணியின்மேல் நிற்கும் திப்பியைத் தொட்டுப் பார்த்தால், இதையா முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றும். அந்தச் சொரசொரப்புத் தோலைக் கீறும், கீறிய இடம் கருக்கும். சர்க்கரை, கல்லுப்பு, காபித்தூள் ஆகியவற்றை முகத்தில் அழுத்தித் தேய்ப்பதும் இதே வகைதான். கை கால்களுக்கு இதமாகத் தேய்க்கலாம். முகத்துக்கும் பரு உள்ள இடத்துக்கும் வேண்டாம்.

ஆவாரம்பூவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் எவ்வளவு காலம் புழங்கின என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தாகிய டானின் புரதத்தோடு இறுகப் பிணைவதால்தான் பச்சைத் தோல் பதனிட்ட தோலாகிறது. நாம் குளிக்கும் மாவில் அவ்வளவு வீரியம் இல்லை என்றாலும், கடுக்காய்த் தூள் போன்ற துவர்ப்புப் பொருள்கள் எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்கு இதமாக இருப்பதும், வறண்ட முகத்தை இழுத்துப் பிடிப்பதும் அந்தத் துவர்ப்பினால்தான். முல்தானி மட்டியில் துவர்ப்பு இல்லை என்றாலும், அதுவும் எண்ணெயை உறிஞ்சி வறண்ட முகத்தை இழுத்துப் பிடிக்கும். அது காய்ந்து வெடிப்பு விடும் வரை முகத்தில் வைத்திருக்கக் கூடாது, ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும்.

மஞ்சளில், பளிச்சென்ற நிறம்தான் தரம் என்று நினைப்பது தவறு. கஸ்தூரி மஞ்சளுக்குக் கறி மஞ்சளைப் போன்ற அடர்ந்த நிறம் கிடையாது. கற்பூரம் கலந்தாற்போன்ற மணமே அதன் அடையாளம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் என்னும் நச்சு நிறமியோ வேறு சாயமோ கலந்திருக்கும் அபாயம் உண்டு என்பதால், தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி அரைப்பதே நல்லது. மஞ்சள் நிறத்தை மாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பையும் கைவிட வேண்டும்; மாநிறம் ஒரு குறை என்ற எண்ணம்தான் பெண்பிள்ளைகளை எல்லை மீறிய பரிசோதனைகளுக்குத் தள்ளுகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சமையல் சோடாவை அழகுக் குறிப்புகளில் பார்த்தாலே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி) ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. சோடாக் கரைசலோ 8-க்கு மேல். இந்த அளவில் ஓர் எண் கூடினால் பத்து மடங்கு வேறுபாடு என்பதை நினைத்தால், தோலின் காப்புப் படலம் ஏன் குலைகிறது என்பது விளங்கும். எதிர்ப்புறத்தில் எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை உள்ள கடும் புளிப்பு. ஒன்றன் கேட்டை மற்றொன்று சரிசெய்யும் என்று இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்ப்பவர்கள் தோலுக்கு இருமுறை கேடு செய்கிறார்கள். பருவின் மேல் பூண்டை நசுக்கி வைப்பதும் பற்பசை தடவுவதும் வேண்டாம்; பூண்டு இரவு முழுவதும் இருந்தால் கொப்புளமே எழும்.

சோற்றுக் கற்றாழை நல்ல பொருள்தான், பக்குவம் தெரிந்திருந்தால். மடலை வெட்டியவுடன் வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு பால் கசியும். அதுதான் அரிப்பு தருவது. மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி சற்று நேரம் சாய்த்து வைத்து, அந்தப் பால் வடிந்த பின் தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைப் பல தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஏழு முறை கழுவச் சொன்ன பெரியவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். அரைத்த சோற்றை வாரக்கணக்கில் வைத்திருந்து பூசுவதும் தவறு. நீர் சேர்ந்த எந்தக் கலவையிலும் கிருமிகள் வளரும். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குமேல் வேண்டாம். அரிசி கழுவிய நீருக்கும் தயிர்ப் பூச்சுக்கும் இந்தக் கணக்கே.

கூந்தலுக்கு வந்தால், பொடுகுக்கு எண்ணெய் தேய்த்து ஊறவைப்பதுதான் நான் மிகுதியாகப் பார்க்கும் தவறு. பொடுகு வறட்சியால் வருவது என்று நினைக்கிறோம். அதோடு தொடர்புடைய மலசேசியா என்னும் பூஞ்சை எண்ணெய்ப் பசையையே உண்டு வளர்வது. தலையில் எண்ணெயை இரவெல்லாம் நிறுத்துவது அதற்கு விருந்து வைப்பதாகும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பது உண்மை. ஆகவே பொடுகு உள்ளவர்கள் அதை மயிர்க்கால்களில் தேய்க்காமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவி, குளிக்கும்போது நீக்கிவிடலாம். நெற்றியோரம் பொரிப்பொரியாகப் பரு வருபவர்களும் எண்ணெய் வழிவதைப் பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்குமுன் இறக்கினால், இலையில் தங்கிய ஈரத்தால் எண்ணெய் விரைவில் சிக்குவாடை அடிக்கும்.

ஆறு உண்டு, நீர் இல்லை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். பாலாறு வறண்டு, பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரே குளியலறைக்கு வருகிறது. அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, முடியில் வெள்ளையாகப் பிசுக்குப் படியும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் நுரைப்பொருள் அவ்வாறு படிவதில்லை என்பது அவற்றின் பெரிய நன்மை. ஆனால் முடி உதிர்கிறதே என்று சீயக்காயை நாள்தோறும் தேய்ப்பதும், கண்ணில் வழியும்படி குனியாமல் தலையில் ஊற்றிக்கொள்வதும் தவறு. கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். முடி உதிர்வுக்கென்று பலர் தேய்க்கும் சின்ன வெங்காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாக்தாத் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், வெங்காயச் சாற்றால் பயன் காணப்பட்டது புழுவெட்டுக்கு. பொதுவான முடி உதிர்வுக்கு அதை மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

மருதாணியில் ஏமாறுவது எளிது. அதன் சாயமாகிய லாசோன் சிவப்பும் செம்பழுப்பும்தான் தரும்; சில நிமிடங்களில் கருக்கும் 'இயற்கை' மருதாணித் தூள் என்று ஒன்று விற்றால், அதில் பாரா-ஃபீனைலீன்டையமின் என்னும் சாயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது ஒவ்வாதவர்களுக்கு முகமே வீங்கி, கொப்புளங்கள் வரும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆகவே எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு பூசி, கழுவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் முயலவே கூடாது. நறுமண எண்ணெய்களைத் தனியாகப் பூசாமல், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் கலக்க வேண்டும்.

இவ்வளவையும்விட எனக்குக் கவலை தருவது, நோயின் அறிகுறியை அழகுக் குறையாக எண்ணித் தேய்த்துக்கொண்டிருப்பது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கருத்திருந்தால், அது பெரும்பாலும் அழுக்கன்று. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளமாக அது வருவதுண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கழுத்தை எலுமிச்சைத் தோலால் புண்ணாகும் வரை தேய்க்கும் தாய்மார்கள், அந்த நேரத்தில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொண்டால் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. காய்ச்சலோ பிரசவமோ கழிந்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாக உதிர்ந்தால் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் வீண். அது பெரும்பாலும் தானே நிற்கும், நிற்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

தேமலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்று ஒரு மருத்துவ நிலையம் இயங்கிவரும் மாவட்டம் இது. உடலில் வெளிறிய படை ஒன்று தென்பட்டால், குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசுமுன், கண்ணை மூடச் சொல்லி அந்த இடத்தில் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலில் தொட்டது தெரிந்து, படையில் தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம்; அரைப்பதை நிறுத்திவிட்டு அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கே இலவசம்; படைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் நோய் முற்றிலும் குணமாகும். மஞ்சளைப் பூசிப் பூசிக் கடத்திய மாதங்களில் நரம்பு செத்துவிட்டால், அந்த உணர்வை எந்த மருந்தாலும் முழுமையாக மீட்பது கடினம்.