பழைய மாருதி 800-ல கார்ப்ரேட்டர் மாத்துறது எப்படி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வண்டி காலைல ஸ்டார்ட் ஆகல, மைலேஜ் குடுக்கல, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுன்னு வந்தா உடனே கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பற பாகம்) மேல பழியப் போடாதீங்க. பாதி நேரம் ப்ளக்கு, பாயிண்ட், டைமிங், இல்லன்னா வெடிச்சுப்போன ஒரு வாக்குவம் ஹோஸ்தான் காரணமா இருக்கும். வெறும் அடைப்புன்னா சர்வீஸ் கிட் போட்டு கழுவினாலே போதும், முந்நூறு நானூறு ரூபாய்ல முடியற வேலைக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம்.

அப்ப எப்ப மாத்தணும்? ஏர் க்ளீனர கழட்டிட்டு, ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்குமே அந்த த்ராட்டில் ஷாஃப்ட், அத விரலால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. நல்லா லொடலொடன்னு ஆடுச்சுன்னா பாடில ஓட்டை தேஞ்சு பெருசாயிடுச்சுன்னு அர்த்தம், அந்த சந்து வழியா ஏர் இழுக்கும், நீங்க எத்தன தடவ ட்யூனிங் பண்ணாலும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இஞ்சின் ஓடறது) நிக்காது. இதுக்கு எந்த கிட்டும் உதவாது. ரெண்டாவது காரணம், ப்ளோட் சேம்பர, அதாவது கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் தேங்கி நிக்கற கிண்ணத்த, திறந்தா உள்ள வெள்ளையா பவுடர் மாதிரி அரிச்சிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுக்கும், பாடி ஜிங்க் அலாய், வண்டி மாசக்கணக்குல நின்னுச்சுன்னா இந்த நெலமைதான். இப்ப பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2000-க்கு முன்னாடி வந்த நம்ம வண்டி ரப்பர் எல்லாம் அதுக்காக செஞ்சது இல்ல, அதனால கார்ப்ரேட்டர் மாத்தும்போதே பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கறதா பாத்து மாத்திடுங்க, தனியா இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

வாங்கும்போது கவனம். புதுசு கிடைச்சா சந்தோஷம், இல்லன்னா சென்னைக்காரங்களுக்கு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டை இருக்கு. அங்க பழசு வாங்கினா கடையிலயே நின்னு அதே ஷாஃப்ட ஆட்டிப் பாருங்க, ஆடுதுன்னா வச்சுட்டு வந்துடுங்க, உங்களுது மாதிரியே இன்னொண்ண காசு குடுத்து வாங்கி என்ன பண்றது. வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள பெட்ரோல அளந்து விடற ஜெட்டோட நம்பர் வேற இருக்கும், அதனால பழசக் கையோட எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சு ஒப்பிடறது நல்லது. 800-க்கு கார்ப்ரேட்டர் செஞ்சதே நம்ம ஊர்ப் பக்கந்தான், மறைமலைநகர்ல யூகால் கம்பெனி, ஜப்பான் மிகுனியோட கூட்டு சேந்து.

இப்ப வேலை. இஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், சூட்டுல தொடவே தொடாதீங்க, பெட்ரோல் சிந்தும். பேட்டரி நெகட்டிவ் டெர்மினல கழட்டுங்க, பெட்ரோல் டேங்க் மூடிய ஒரு தடவ திறந்து மூடுங்க, டேங்க்ல இருக்கற ப்ரஷர் போயிடும். பீடி சிகரெட் பக்கத்துல வேண்டாம்னு நான் சொல்லத் தேவையில்ல. ஏர் க்ளீனர் டப்பாவ எடுத்ததும் மொபைல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அப்புறம் ஒவ்வொரு ஹோஸ்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3ன்னு எழுதுங்க, அது சொருகியிருந்த குழாய்லயும் அதே நம்பர். நான் முதல் தடவ பண்ணப்ப "இதெல்லாம் ஞாபகம் இருக்கும்"னு தெனாவட்டா விட்டேன், ரெண்டு ஹோஸ் இடம் மாறிப்போய் ஐடிலிங் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு, வீட்டுல சாப்பாடு ஆறிப்போச்சு, திட்டு வேற.

பெட்ரோல் ஹோஸ உருவினதும் வாயில ஒரு பழைய போல்ட்ட சொருகி அடைச்சுடுங்க. சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒயர் கனெக்டர் இருந்தா அதுவும், எல்லாத்தையும் விடுவிச்சுட்டு அப்புறந்தான் அடில மேனிஃபோல்டுல (கார்ப்ரேட்டர்லேருந்து இஞ்சினுக்குப் போற குழாய்) இருக்கற நட்டுகள். பன்னெண்டு நம்பர் ஸ்பானர் பெரும்பாலும் போதும். துருப்பிடிச்சிருந்தா முதல் நாள் ராத்திரியே ஸ்ப்ரே ஆயில் அடிச்சு வைங்க, முரட்டுத்தனமா திருகினா மரை போயிடும், அலுமினியம் அது. கார்ப்ரேட்டர நேரா மேல தூக்குங்க, சாய்க்காதீங்க, உள்ள பெட்ரோல் இருக்கும். தூக்கின அடுத்த நொடி மேனிஃபோல்டு வாயில சுத்தமான துணிய அடைங்க. பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிஞ்சு உள்ள போகும். அந்த ஓட்டைக்குள்ள ஒரு வாஷர் விழுந்துச்சுன்னா அப்புறம் ஹெட்ட இறக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

ஒட்டியிருக்கற பழைய பேக்கிங்க மொண்ணையான பிளேடால சொரண்டுங்க. நடுவுல இருக்கற தடிமனான இன்சுலேட்டர் தட்டு வளைஞ்சிருக்கா, விரிசல் விட்டிருக்கான்னு கண்ணாடி மேல வச்சுப் பாருங்க. பேக்கிங் புதுசுதான் போடணும், வெறும் பேக்கிங். சில மெக்கானிக் அண்ணன்மார் பாசத்துல சிலிக்கான் பேஸ்ட்ட வழிச்சு தடவுவாங்க, அது பெட்ரோல்ல ஊறி பிஞ்சு வந்து வேலையக் கெடுக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க.

புதுசை வச்சு நட்டுகள முதல்ல கையால திருப்பி, அப்புறம் குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் முறுக்கினா ஃப்ளாஞ்ச் (நட்டு உக்கார்ற விளிம்பு) வளைஞ்சு மறுபடி ஏர் இழுக்கும், எதுக்காக மாத்துனோமோ அதே நோய். கேபிள் மாட்டினதும் ஒருத்தர சீட்டுல உக்கார வச்சு ஆக்சிலரேட்டர முழுசா மிதிக்கச் சொல்லுங்க, த்ராட்டில் ஷாஃப்ட்ல இருக்கற வட்டத் தட்டு, அதான் பட்டர்ஃப்ளை, செங்குத்தா நிக்கணும், விட்டா டப்புன்னு மூடணும். சோக் பட்டன உள்ள தள்ளினா மேல் தட்டு முழுசா திறக்கணும், கால்வாசி மூடியே இருந்துச்சுன்னா பெட்ரோல் குடிச்சுத் தள்ளும்.

பேட்டரிய மாட்டி அஞ்சு செகண்ட் க்ராங்க் பண்ணி நிறுத்துங்க, ரெண்டு மூணு தடவ, ப்ளோட் சேம்பர் ரொம்பணும்ல. உடனே ஸ்டார்ட் பண்ணாம குனிஞ்சு எங்கயாவது பெட்ரோல் ஒழுகுதான்னு டார்ச் அடிச்சு பாருங்க. ஒழுகலன்னா ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாக விடுங்க. மிக்ஸர் ஸ்க்ரூவ (பெட்ரோல்-காத்து கலவைய சரி பண்ற ஸ்க்ரூ) மெதுவா முட்டற வரைக்கும் திருப்பி, அங்கேருந்து ரெண்டு, ரெண்டரை சுத்து திறந்து ஆரம்பிங்க, இறுக்கி முட்டினா ஊசி முனை போயிடும். இஞ்சின் சத்தம் எங்க சீரா வேகமா வருதோ அங்க விட்டுட்டு ஐடில் ஸ்க்ரூவால 850, 900 ஆர்பிஎம் கிட்ட கொண்டு வாங்க. இ20-க்கு மிக்ஸர் கொஞ்சம் கூட திறக்க வேண்டி வரலாம்.

அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு, இஞ்சின ஆற விட்டு, நட்டுகள ஒரு தடவ செக் பண்ணுங்க, புது பேக்கிங் அமுங்கியிருக்கும். ப்ளக்க கழட்டிப் பாருங்க, டீ கலர்ல இருந்தா சரி, கரி கருப்புன்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), வெள்ளை வெளேர்னா லீன் (பெட்ரோல் கம்மி), மிக்ஸர் ஸ்க்ரூவ கால் சுத்து மாத்தி மறுபடி ஓட்டுங்க. கழட்டின பழசை காயலான் கடைக்கு போடாதீங்க, ஜெட்டு, ஸ்ப்ரிங்கு, சின்ன ஸ்க்ரூ எல்லாம் தனியா வாங்கப் போனா அலைய விடுவாங்க.