க்ரீனில் விழும் பள்ளத்தைச் சரிசெய்வது எப்படி? கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கு

கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு க்ரிப், ஸ்டான்ஸ், ஸ்விங் எல்லாம் முதல் நாளிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். க்ரீனில், அதாவது ஹோலைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிற பரப்பில், கால் வைத்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. கூட ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் பழகுகிறோம், அவர்கள் தப்பாகச் செய்தால் அதே தப்பு நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. பந்து வந்து விழுந்து உண்டாகிற பள்ளத்தைத்தான் பிட்ச் மார்க் என்கிறார்கள், அந்த விஷயத்தில் நடப்பது இதுதான். அதைச் சரிசெய்கிற சின்ன ஃபோர்க்கைக் குத்தி, கைப்பிடியைக் கீழே அழுத்தி, அடிமண்ணை மேலே நெம்புகிறவர்களைத்தான் எந்தக் கோர்ஸுக்குப் போனாலும் பார்க்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் புல்லின் வேர் அங்கேயே அறுந்துவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் கை எப்படிப் போக வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன், விதிகளை அப்புறம் பார்ப்போம்.

பள்ளம் ஏன் விழுகிறது

க்ரீனில் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். வெட்ஜ், 9 அயர்ன் மாதிரி கிளப்பால் அடித்து உயரமாகப் போகிற ஷாட்டில் பந்து செங்குத்தாக வந்து விழும்போது அந்த மெல்லிய புல் பரப்பு அப்படியே உள்ளே அமுங்கி, ஒரு பக்கம் விளிம்பு மேலே எழும்பி நிற்கும். மழைக்குப் பிறகோ, தண்ணீர் விட்ட காலை நேரத்திலோ பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கும். க்ரீனுக்கு வெளியிலிருந்து தாழ்வாக உருட்டிவிடுகிற சிப் ஷாட்டில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அப்படியே விட்டுவிட்டால் அமுங்கின புல் காய்ந்து பழுப்புப் புள்ளியாகிவிடும். மறுநாள் அறுக்கிற மெஷின் எழும்பின விளிம்பை மொட்டையாகச் சீவிவிட்டுப் போகும். உடனே ஒழுங்காகச் சரிசெய்தால் சீக்கிரம் ஆறிவிடுகிற காயம், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். சென்னை மாதிரி வெயில் ஊர்களில் போடுகிற பெர்முடா வகைப் புல் பக்கவாட்டில் ஓடிப் படர்வதால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் புல் மெதுவாகத்தான் வளரும், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

என்ன வேண்டும்

இரண்டு பல் உள்ள ஒரு ஃபோர்க் போதும். ப்ரோ ஷாப்பில் கிடைக்கும், பல கிளப்புகளில் பெயர் பொறித்து விற்கிறார்கள். மறந்துவிட்டால் பாக்கெட்டில் இருக்கிற டீயே (முதல் ஷாட்டுக்குப் பந்தைத் தாங்குகிற சின்ன ஆணி) போதும், விதியிலும் அதற்குத் தடையில்லை. ஃபோர்க்கைப் பைக்குள் போடாதீர்கள், பேன்ட் பாக்கெட்டில் வையுங்கள். பையை க்ரீனுக்கு வெளியில்தான் வைத்திருப்பீர்கள், திரும்பி நடக்கச் சோம்பல் வந்துவிடும்.

படி 1: பள்ளத்தைத் தேடுங்கள்

பந்து நிற்கிற இடத்தில் பள்ளம் இருக்காது. பந்து விழுந்து, துள்ளி, உருண்டு ஓடியிருக்கும். நீங்கள் அடித்த இடத்துக்கும் பந்து இப்போது நிற்கிற இடத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் அந்தக் கோட்டிலேயே கிடைத்துவிடும். பின்சுழற்சியோடு வந்த ஷாட் என்றால் பந்து பின்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்கும், அப்போது பந்துக்கு அப்பால் தேடுங்கள். க்ரீனில் ஏறினதும் செய்கிற முதல் வேலை இதுவாக இருக்கட்டும். மற்றவர்கள் பட் செய்ய, அதாவது பந்தை ஹோலை நோக்கி உருட்டிவிட, தயாராகிற நேரத்தில் உங்கள் வேலை முடிந்துவிடும், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: ஃபோர்க்கை விளிம்புக்கு வெளியே குத்துங்கள்

பள்ளத்தின் நடுவில் குத்தக் கூடாது. விளிம்பைத் தாண்டி, நல்ல புல் இருக்கிற இடத்தில், சாய்வாகக் குத்துங்கள். பல் முழுவதும் இறங்க வேண்டும் என்றில்லை.

படி 3: நடுவை நோக்கித் தள்ளுங்கள்

இந்தப் பதிவிலேயே முக்கியமான படி இதுதான். ஃபோர்க்கின் கைப்பிடியைப் பள்ளத்தின் நடுப்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். அப்படிச் சாய்க்கும்போது வெளியே இருக்கிற நல்ல புல், வேரோடும் மண்ணோடும் உள்பக்கம் நகரும். கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்துக் கீழே அழுத்தினால் அடியிலிருந்து மண் மேலே வரும், அதுதான் கூடாது. கொழுக்கட்டை ஓரத்தை நாலு பக்கமும் இழுத்து நடுவில் மூடுவோமே, கை அதே மாதிரிதான் போக வேண்டும். ஒரு பக்கம் தள்ளியானதும் ஃபோர்க்கை உருவி, கொஞ்சம் நகர்ந்து அடுத்த பக்கம் குத்தித் தள்ளுங்கள். நாலைந்து இடத்தில் செய்தால் வட்டம் மூடிவிடும். குத்தின இடத்தில் ஃபோர்க்கைத் திருகவும் வேண்டாம்.

சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேலை முடிந்த இடத்தில் ஈரமான கறுப்பு மண் மேலே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நெம்பியிருக்கிறீர்கள். பச்சை மட்டும் தெரிந்து, நடுவில் லேசாக மேடு தட்டியிருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

படி 4: தட்டி மட்டமாக்குங்கள்

அந்த மேட்டை, பட் செய்கிற கிளப்பான பட்டரின் அடிப்பக்கத்தால் மெதுவாகத் தட்டுங்கள், அல்லது ஷூவால் அமுக்குங்கள். பந்து உருண்டால் துள்ளாத அளவுக்கு மட்டமானால் போதும். பழகிவிட்டால் முழுக்கச் செய்து முடிக்கச் சில நொடிதான் ஆகும்.

உங்கள் பள்ளம் முடிந்ததும் பக்கத்தில் வேறு யாரோ விட்டுப்போன ஒன்று கண்ணில் பட்டால் அதையும் செய்துவிடுங்கள். தனது போக ஒன்றோ இரண்டோ கூடுதலாகச் சரிசெய்வது நல்ல கோல்ஃபர்களிடம் இருக்கிற பழக்கம்.

இனி விதிகள்

2019 ஜனவரி 1 முதல் விதிகளை வகுக்கிற அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் சேர்ந்து கோல்ஃப் விதிகளைத் திருத்தி எழுதின. அதற்கு முன்னால் உங்கள் பட் கோட்டில் பந்து விழுந்த பள்ளத்தையும், பழைய ஹோலை மூடின அடைப்பையும் மட்டும்தான் சரிசெய்யலாம். ஷூ ஸ்பைக் கிளறிவிட்ட புல்லைத் தொட முடியாது. முன்னால் போனவர் காலை இழுத்துக்கொண்டு நடந்ததற்கு நீங்கள் பட்டைத் தவறவிட வேண்டும், இதுதான் நிலைமை. அதை மாற்றினது சரியான முடிவு என்பது என் கருத்து.

இப்போது விதி 13.1c பெரிய வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. பந்துத் தழும்பு, ஷூ கீறல், ஃப்ளாக்கோ கிளப்போ விழுந்து உண்டான தடம், பழைய ஹோல் அடைப்பு, ஒட்டுப் போட்ட புல்லின் விளிம்பு, பராமரிப்பு மெஷின் விட்ட கீறல், மண்ணில் அழுந்திக் கிடக்கிற கல் என எல்லாவற்றையும் அபராதம் இல்லாமல் சரிசெய்யலாம். விலங்குகளின் குளம்புத் தடமும் இதில் சேர்த்தி. கொடைக்கானல் கோர்ஸில் காட்டெருமைகள் சர்வசாதாரணமாக வந்து மேய்கின்றன, அங்கே ஆடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி ரொம்பவே உதவும். க்ரீன் மேல் கிடக்கிற மணலையும் உதிரி மண்ணையும் தள்ளிவிடலாம். உங்கள் பந்து க்ரீனுக்கு வெளியே இருந்தாலும் க்ரீன் மேல் உள்ள சேதத்தைச் சரிசெய்யத் தடையில்லை, பலருக்கு இது தெரிவதில்லை.

தொடக் கூடாதவையும் இருக்கின்றன. காற்றோட்டத்துக்காகப் பராமரிப்பாளர்கள் வரிசையாகப் போட்டிருக்கிற துளைகள், புல்லைச் செங்குத்தாகச் சீவினதால் வந்த கோடுகள், மழையோ தண்ணீர் பாய்ச்சலோ உண்டாக்கின தடம், களை, நோய் பிடித்த திட்டு, புல் இல்லாத வழுக்கை, நாள் முழுக்க ஆடித் தேய்ந்த ஹோல் விளிம்பு, இதெல்லாம் சேதக் கணக்கில் வராது. காலையில் பட் கோட்டில் பனித்துளி படர்ந்திருந்தால் அதைத் துடைத்து வழி போடுவதும் கூடாது.

சரிசெய்ய அனுமதி இருக்கிறது என்பதற்காகக் கோடு முழுவதையும் இஸ்திரி போட முடியாது. கையாலோ, காலாலோ, ஃபோர்க், டீ, கிளப் போன்ற வழக்கமான பொருளாலோ, பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் செய்யலாம். ஹோல் வரைக்கும் ஒரு வாய்க்கால் மாதிரி அழுத்திவிட்டால் அது விதி 8.1a மீறல். மொத்த அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் ப்ளேயில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், ஹோலுக்கு ஹோல் வெற்றி பார்க்கிற மேட்ச் ப்ளேயில் அந்த ஹோலே போய்விடும். சரிசெய்கிறேன் என்று ஆட்டத்தைத் தேவையில்லாமல் இழுத்தடித்தாலும் தனியாக அபராதம் உண்டு.

பந்து குறுக்கே இருந்தால்

பள்ளம் உங்கள் பந்துக்கு அடியிலோ ஒட்டினாற்போலவோ இருந்தால் முதலில் பந்துக்குப் பின்னால் மார்க்கரை (இடத்தைக் குறிக்கிற சின்ன வில்லை) வையுங்கள், பந்தை எடுங்கள், சரிசெய்யுங்கள், அதே இடத்தில் திரும்ப வையுங்கள். பந்து தன் பள்ளத்திலேயே புதைந்து நின்றாலும் இதே வரிசைதான். மார்க்கர் வைக்காமல் எடுத்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், புதியவர்கள் அதிகம் வாங்குகிற அபராதங்களில் இதுவும் ஒன்று. சரிசெய்யும்போது கை பட்டுப் பந்தோ மார்க்கரோ நகர்ந்துவிட்டால் பதற வேண்டாம், க்ரீனில் தற்செயலாக நகர்ந்தால் அபராதம் கிடையாது, பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஃப்ரிஞ்சில் நின்று யோசியுங்கள்

குழப்பம் வருகிற இடம் இதுதான். க்ரீனைச் சுற்றி இருக்கிற ஃப்ரிஞ்ச் பார்க்க க்ரீன் மாதிரியே இருந்தாலும், விதிப்படி அது க்ரீன் இல்லை. உங்கள் பந்து ஃப்ரிஞ்சில் இருக்கிறது, அதற்கு முன்னால் ஃப்ரிஞ்சிலேயே ஒரு பழைய பள்ளம் உங்கள் கோட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடக் கூடாது, தொட்டால் கோட்டை மேம்படுத்தினதாகிவிடும். அடித்து முடித்த பிறகு தாராளமாகச் சரிசெய்யுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பந்து வந்து நின்ற பிறகு, கூட ஆடுகிறவரின் பந்து விழுந்து அந்தப் பள்ளம் உண்டாகியிருந்தால், முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவர உங்களுக்கு உரிமை இருக்கிறது. பந்து நிற்கும்போது கோடு எப்படி இருந்ததோ அப்படி ஆட வேண்டும், அதுதான் இதற்குப் பின்னால் இருக்கிற நியாயம்.

சேதமே வராமல் பார்த்துக்கொள்வது

காலைத் தூக்கி நடங்கள். ஃப்ளாக்கை எடுத்தால் தொப்பென்று போடாமல் க்ரீன் ஓரமாகப் படுக்க வையுங்கள். 2019 முதல் ஃப்ளாக்கை ஹோலிலேயே விட்டும் பட் செய்யலாம் என்பதால் அந்த வேலையே பாதி குறைந்துவிட்டது. பட்டர் மேல் சாய்ந்து நிற்காதீர்கள், முக்கியமாக ஹோல் பக்கத்தில். பந்தை ஹோலிலிருந்து பட்டர் தலையால் கிண்டி எடுக்காதீர்கள், ஹோலின் குறுக்களவே 108 மில்லிமீட்டர்தான், விளிம்பு கொஞ்சம் சிதைந்தாலும் பின்னால் வருகிற அத்தனை பேரின் பட்டும் பாதிக்கப்படும். டிராலி, பை, பக்கி எதுவும் க்ரீன் மேல் வரக் கூடாது. மற்றவரின் பட் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

பட் தவறினால் கோபத்தில் பட்டரைத் தரையில் குத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற செர்ஜியோ கார்சியா, 2019 பிப்ரவரியில் சவுதி இன்டர்நேஷனல் போட்டியில் இப்படிப் பல க்ரீன்களைச் சேதப்படுத்தினார், விதி 1.2a-வின் கீழ் போட்டியிலிருந்தே தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் பின்பு மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்தத் தண்டனை என்றால், க்ரீன் மேல் வேண்டுமென்றே கை வைப்பதை விளையாட்டு எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எல்லோரும் பந்தை ஹோலில் போட்டு முடித்த பிறகு ஃப்ளாக்கை நேராகச் செருகுங்கள், சாய்த்துச் செருகினால் ஹோல் விளிம்பு உடையும். ஹோலைச் சுற்றி உங்கள் ஷூ கிளறின புல் இருந்தால் பட்டரால் தட்டிவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். ஸ்கோரை அடுத்த ஹோலை ஆரம்பிக்கிற இடத்துக்குப் போய் எழுதிக்கொள்ளலாம், பின்னால் வருகிற குழு ஃபேர்வேயில் காத்துக்கொண்டிருக்கும்.