பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை: வெயிலை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்

நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும் குறைமாதக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கும் பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தென்படுகிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியை வேகமாக வெளியேற்றும் அளவுக்குப் பிஞ்சுக் கல்லீரல் முதிர்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தோன்றும் இந்த மஞ்சள், இரண்டு வாரங்களுக்குள் தானாகவே மறைகிறது. பலருக்கும் அப்படி மறைந்துவிடுவதாலேயே, மறையாத காமாலையையும் சரியாகிவிடும் என்று நம்பிக் குடும்பத்தினர் காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புக்குப் பெரிதும் துணைபோவது, காலை வெயில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை. இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956-இல் செவிலியர் ஜீன் வார்டு, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் வெளுத்திருந்ததைக் கவனித்தார் என்பதும், ஒளிச் சிகிச்சைக்கு அதுவே வித்திட்டது என்பதும் உண்மைதான். ஆனால் மருத்துவமனையின் நீல விளக்கு, ஏறத்தாழ 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை, கண்களை மறைத்த குழந்தையின் உடல் முழுவதும் அளந்து, மணிக்கணக்கில் செலுத்துகிறது. வாசலில் சிறிது நேரம் பிடிக்கும் வெயில் எவ்வளவு பயன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றுடம்பில் தோல் கன்றவும், உடல் குளிர்ந்துபோகவும் கூடும். இவற்றைவிடப் பெரிய கேடு, வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் இரத்தப் பரிசோதனை தள்ளிப்போவதே.

தாய்ப்பாலை நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். பிலிரூபின் முக்கியமாக மலத்தின் வழியே வெளியேறுகிறது. பால் குறைந்தால் மலம் குறைந்து, குடலில் உள்ள பிலிரூபின் மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. ஆகவே உறங்கும் குழந்தையை எழுப்பியாவது நாளுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். கீழாநெல்லிச் சாறு புகட்டுவதும் சூடு போடுவதும் எந்த நிலையிலும் வேண்டாம்.

மஞ்சளைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவதும் தவறு. மாநிறத் தோலில் அது எளிதில் ஏமாற்றிவிடும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினால், குறிப்பாகத் தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் அல்லது ஓ வகையாக இருந்தால், அன்றைக்கே பிலிரூபின் அளவைப் பார்க்க வேண்டும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, உடலைப் பின்னோக்கி வில்லாக வளைத்தாலோ பிலிரூபின் மூளையைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். செவிட்டுத்தன்மையும் மூளை முடக்குவாதமும் நிரந்தரமாக நேரலாம் என்பதால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை போடாதீர்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும்.

மஞ்சள் இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தால் மலத்தின் நிறத்தையும் கவனியுங்கள். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தும் சிறுநீர் அடர் மஞ்சளாகவும் இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். பித்தநீர் குடலுக்குச் செல்ல வழி அமைக்கும் காசாய் அறுவை சிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்படும்போதே கூடுதல் பலன் தருகிறது.